ஏழாவது கொக்கி

அப்பாவின் ஓட்டோவில் ஏழு கொக்கிகள் இருக்கின்றன. ஆறு கொக்கிகள் அவருடைய ஆசனத்துக்குப் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புக் குழாயில் வரிசையாகப் பூட்டப்பட்டவை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களைத் தொங்கவிடுவதற்கு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல் சுற்றியிருக்கும். பெயர் எழுதி ஒட்டியிருக்கலாம்தான். ஆனால் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, அப்பாவுக்கு எழுதுவது பெரும்பாடு. நூல் இரண்டு பக்கத்துக்கும் விளங்கும். ஏழாவது கொக்கி முன்னால், ஹேண்டிலுக்குக் கீழே, அவருடைய இடது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் நூல் இல்லை. நான் முதலாம் வகுப்புக்குப் போவதற்கு முதல் நாள், கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் ஓட்டோவை நிறுத்திவைத்து அவர் அதைப் பூட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூட்டி முடித்து, என் புதுப் போத்தலை அதில் தொங்கவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். போத்தல் ஆடியது, விழவில்லை. "ஆ, சரி. நாளைக்குப் பள்ளிக்கூடம்," என்றார், பள்ளிக்கூடம் போகப்போவது அவர்தான் என்பதைப் போல.

ஒரு விதத்தில் அது உண்மைதான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். அம்மா ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஒரு பாடசாலையின் முதல் வகுப்பில் நுழைந்து கடைசி வகுப்பால் வெளியே வந்த முதல் ஆள் நான். அந்தப் பாடசாலை கொட்டாஞ்சேனையில் இருக்கும் கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை. அப்பா காலையில் ஆறு பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றி, அங்கேயும் பக்கத்துக் கன்னியர் மடப் பாடசாலையிலும் இறக்கி, பகலில் திரும்ப ஏற்றிப்போவார். அதுதான் எங்கள் வீட்டின் சோறு. முதலில் ஏறுபவன் நான். அப்பாவின் ஆசன நுனியில், அவர் இடுப்போடு ஒட்டி உட்கார்ந்துகொள்வேன்.

எல்லாம் அந்த முதல் கிழமையில்தான் தொடங்கியது. ஆமர் வீதியில் ஏறும் ஒரு பையன் என்னோடு ஒரே வகுப்பு. அவனுடைய அப்பா அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் வழியில், "அப்பா, அந்த பஸ்ஸைப் பாருங்க," "அப்பா, தண்ணி," என்று எதையாவது சொல்லிக்கொண்டு வருவேன். அந்தச் சொல் காதில் விழுந்த உடனே பின்னாலிருந்து அவன் அழத் தொடங்குவான். அவன் அழ, மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் தொடங்குவார்கள். மூன்றாம் நாள் என் அப்பா ஓட்டோவைத் தெருவோரம் நிறுத்திவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "மகன், வண்டிக்குள்ள மட்டும் நீயும் என்னை அங்கிள் எண்டு கூப்பிடு. அவன் பாவம்." எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. மற்ற ஆறு பேரும் கூப்பிடுவது போல நானும் அங்கிள் என்றேன். அவன் அழுகையை நிறுத்தினான், நாளடைவில் அந்த மூன்று நாளையும் மறந்தும் போனான். அப்பாவும் எங்கள் எல்லாரையும் "மகன்" என்றுதான் கூப்பிடுவார். கொழும்பில் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். அதனால் அவர் பக்கத்திலிருந்து ஒருநாளும் எதுவும் வெளிப்படவில்லை.

அந்த ஓட்டோவுக்குள் அவர் எல்லாருக்கும் ஒரே ஆள்தான். வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். ஏழாம் வாய்ப்பாடு அவருக்குத் தெரியாது. ஆனால் யாராவது பிழை விட்டால் உடனே பிடித்துவிடுவார். "எப்பிடி அங்கிள் தெரியும்?" என்று கேட்டால், "பொய் சொல்ற குரல் எனக்குத் தெரியும்," என்பார். பிழை விடும் பிள்ளையின் குரல் கொஞ்சம் தயங்கும், அதைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. என் குரலையும் அவர் அப்படித்தான் கேட்டிருப்பார்.

அந்தப் பையன் என் நண்பனானான். வகுப்பில் பக்கத்துக் கதிரை, இன்டர்வலில் ஒரே பணிஸில் ஆளுக்குப் பாதி. அவனுடைய அழுகை எப்போதோ நின்றுவிட்டது. நான் அங்கிள் என்று கூப்பிட வேண்டிய அவசியமும் அதோடு முடிந்தது. ஆனாலும் பழகிவிட்டது. ஆறாம் வகுப்பில் ஒருநாள், மைதானத்து மதிலில் உட்கார்ந்திருக்கும்போது அவன் கேட்டான்: "மச்சான், உங்கட அப்பாவும் வெளிநாட்டிலதானே? ஒருநாளும் காணல்லயே." நான் தலையாட்டினேன். வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "அதுதான் உனக்கு என்ட கதை விளங்குது," என்றான். அன்றிலிருந்து அவனுடைய அப்பா அனுப்பும் சொக்லேட்டில் பாதி எனக்கு. "உங்கட ஆள் அனுப்பாட்டி என்ன, எங்கட ஆள் அனுப்புறார்தானே," என்பான்.

ஏன் தலையாட்டினேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவன் மாதிரியே நானும் இருக்கிறேன் என்று அவன் நினைத்தது எனக்கு இனித்தது. அது ஒன்று. மற்றது, என் வகுப்பில் வங்கி, சுங்கம், கப்பல் கம்பனி என்று அப்பாமார் இருந்தார்கள். வாசலில் காக்கிச் சேர்ட்டோடு நிற்கும் ஓட்டோக்கார அங்கிள்தான் என் அப்பா என்று சொல்ல எனக்கு வெட்கம். முதல் காரணத்தை நான் அடிக்கடி சொல்லிக்கொள்வேன். இரண்டாவதுதான் பெரிது. அந்தக் கிழமையே, "முன்னுக்கு இடம் காணாது," என்று சொல்லி நான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போது ஒரு பிள்ளை வேறு பாடசாலைக்கு மாறிப் போயிருந்தது. ஊதா நூல் சுற்றிய கொக்கி காலியாக இருந்தது. என் போத்தலை அதில் மாட்டினேன். அப்பா கண்ணாடியில் பார்த்தார். முன்னால் இருந்த கொக்கியில் அதற்குப் பிறகு எதுவும் தொங்கவில்லை. பிள்ளைகள் மாறிமாறி வந்தார்கள். சிலவேளை ஏழு பேர்கூட ஏறுவார்கள். ஏழாவது பிள்ளையின் போத்தலை அதன் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வாரே தவிர, அந்தக் கொக்கியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

நண்பன் பகிடிக்காரன். அப்பா ஹோர்ன் அடிக்கும் விதம், வளைவில் தலையை வெளியே நீட்டி "ஏய் பார்த்து, பார்த்து" என்று கத்தும் விதம் எல்லாவற்றையும் அச்சு அசலாகச் செய்து காட்டுவான். ஓட்டோவுக்குள்ளேயே செய்வான். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அப்பாவும் கண்ணாடிக்குள் சிரிப்பார். "டேய், நான் இவ்வளவு அசிங்கமாவா கத்துறன்?" என்பார். அவர் உண்மையாகவே ரசித்துத்தான் சிரித்தார் என்று நினைக்கிறேன். என் சிரிப்புத்தான் இப்போது என் காதில் நிற்கிறது.

எட்டாம் வகுப்பில் எனக்கு ஒருநாள் கடும் காய்ச்சல். நண்பன்தான் என்னை நோயாளர் அறைக்குக் கூட்டிப்போய் பக்கத்தில் இருந்தான். அலுவலகத்திலிருந்து பதிவேட்டில் இருந்த அப்பாவின் நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் அவர் வந்துவிட்டார். வந்தவர் அறை வாசலில் நண்பனைக் கண்டதும் அப்படியே நின்றார். "வீட்டில பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க," என்றார், வேறு யாரோ அனுப்பிவைத்த ஆள் போல. நண்பன் என் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ வரை வந்தான். என்னைப் பின்னால் படுக்கவைத்து, மறுபக்கத்து மழைத் திரையை இறக்கிக் காற்றை மறைத்துவிட்டு, அப்பா என் நெற்றியில் கையை வைத்தார். அந்தக் கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வெளியே நின்ற நண்பன் குனிந்து என் காதுக்குள் சொன்னான்: "அங்கிள் மாதிரி ஒரு அப்பா இங்க இருந்தா நல்லாயிருக்கும் என்ன, மச்சான்?" நான் கண்ணை மூடிக்கொண்டேன். காய்ச்சலில் மூடுகிறேன் என்று அவன் நினைத்திருப்பான்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பாடசாலையை விட்டுப் போகிறவர்களுக்கு எங்கள் பாடசாலையில் ஒரு விழா வைப்பார்கள். கறுப்பு மேலங்கி, குஞ்சம் வைத்த தொப்பி எல்லாம் கிடைப்பதால் நாங்கள் அதைக் கிரஜுவேஷன் என்றுதான் சொல்வோம். மேலங்கியும் தொப்பியும் இப்போது எல்லாப் பாடசாலைகளிலும் வந்துவிட்டன. எங்கள் பாடசாலைக்கென்று இருப்பது ஒரு பழைய வழக்கம். அன்றைக்கு மாணவர்கள் எல்லாரும் வாசலுக்கு வெளியே, தெருவில், பற்றவைக்காத மெழுகுதிரியோடு வரிசையாக நிற்க வேண்டும். பெற்றோர் உள்ளே மண்டபத்தில் இருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் அப்பாவோ அம்மாவோ மேடையில் எரியும் பெரிய திரியிலிருந்து தங்கள் திரியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பிள்ளையின் திரியை ஏற்றி, பிள்ளையை உள்ளே கூட்டிப்போக வேண்டும். "இவ்வளவு வருஷமும் அவங்க வெளிய நின்டு நீங்க உள்ள போறதப் பார்த்தாங்க. இண்டைக்கு ஒருநாள் நீங்க வெளிய நில்லுங்க," என்பார் அதிபர் பாதர்.

திரி கொண்டுவருபவரின் பெயரைக் கேட்டு ஒரு படிவம் தந்தார்கள். வீட்டில் அதை மேசையில் வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "அம்மா வரட்டும்," என்றார். அம்மா அப்போதுதான் புறக்கோட்டைத் துணிக்கடை வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பெற்றோர் கூட்டங்களுக்கு எப்போதும் போய்வந்தவள் அவள்தான்.

"நான் மண்டபத்தில இருப்பன். திரி தூக்க மாட்டன்," என்றாள். "அப்பனும் மகனும் சேர்ந்து நடிச்ச நாடகம். நீங்க ரெண்டு பேருமே முடிச்சு வைங்க. பன்னெண்டு பதின்மூண்டு வருஷமா நான் டிக்கெட் எடுக்காமப் பார்த்திட்டு இருக்கன்."

"அது இல்லடி," என்றார் அப்பா. "அது ரெண்டு மணிக்கு. எனக்கு ஒண்டரைக்குப் பிள்ளைகள் ஏத்தணும். அதுகளை யாரு கொண்டுபோய் விடுற?"

"பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. கேக் குடுப்பாங்கதானே."

அப்பா என்னைப் பார்த்தார். "உன்ட கூட்டாளி நிப்பான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னுடைய பொய்யை அவர் இவ்வளவு காலமும் எனக்காகக் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது அந்த மூன்று சொல்லில் எனக்குத் தெரிந்தது. நான் படிவத்தை எடுத்து அவருடைய பெயரை எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் அப்பா என்று எழுதினேன்.

நண்பனிடம் விழாவுக்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். மூன்று தடவை முயன்றேன். ஒருமுறை பம்பலப்பிட்டியில் கடற்கரைத் தண்டவாளத்தோரம் நடந்துபோகும்போது, "மச்சான், ஒரு கதை," என்று தொடங்கினேன். அவன், "இரு, நான் முதல்ல சொல்றன். அப்பாக்கு லீவு கிடைக்கல்ல. விழாவுக்கு வரமாட்டாராம்," என்று சொல்லிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பரவாயில்ல. உன்ட அப்பாவும் வரமாட்டார்தானே. ரெண்டு பேரும் ஒண்டு," என்றான். நான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். அப்பா திரியோடு வெளியே வரும் நிமிஷத்தில் நான் இவனை இழக்கப்போகிறேன் என்று அன்றே எனக்குத் தெரிந்தது.

அன்று பகல் வெயில் கொளுத்தியது. மேலங்கிக்குள் எல்லாரும் வியர்த்துக்கொண்டு நின்றோம். துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்று தொப்பிகளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. பெயர் வரிசைப்படி கடைசிக்கு முன் ஆள் நான், கடைசி அவன். பெயர்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அம்மாமார் முந்தானையால் சுடரை மறைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு அப்பா திரியை இரண்டு தடவை அணையவிட்டு இரண்டு தடவையும் உள்ளே ஓடினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முன்னால் நான்கு பேர் மிச்சமிருக்கும்போது அப்பாவின் ஓட்டோ வந்தது. மதிலோரம், வழக்கமான இடத்தில், ஒரு அங்குலம்கூடத் தள்ளாமல் வந்து நின்றது. பின்னால் ஆறு சின்னப் பிள்ளைகள். அப்பா வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். அதன் பையில் அழைப்பிதழ் நீட்டிக்கொண்டிருந்தது.

"டேய், அங்கிள்!" என்றான் நண்பன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "எங்களைப் பார்க்க வந்திருக்கார்டா. சேர்ட்டப் பாரு, மாப்பிள்ளை மாதிரி."

அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நடந்து வந்தார். வாசல் வரை வந்தார். வாசல் கதவு உருண்டோடும் இரும்புத் தண்டவாளக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பதின்மூன்று வருஷமாக அவர் நிற்கும் அதே இடத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே போய் இருக்க வேண்டும் என்று நான் வீட்டில் மூன்று முறை சொல்லியிருந்தேன். சொன்னதெல்லாம் அவருடைய தலைக்குள் இருந்திருக்கும். கால்களுக்கு அந்த இடம் மட்டும்தான் தெரியும். யாரும் அவரைத் தடுக்கவில்லை. காவலாளிக்கும் அவர் பழகிய ஆள்தான். சிங்களத்தில் அய்யே, அண்ணன் என்பார். ஓட்டோக்கார அய்யே நிற்கும் இடத்தில் நிற்கிறார், அவ்வளவுதான்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. மண்டபக் கதவு திறந்தே கிடந்தது. அப்பாவும் மற்றவர்களைப் போலத் தலையை எட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார், யார் வருகிறார்கள் என்று பார்ப்பவர் போல. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். "உங்கட அம்மா எங்கடா?" என்று நண்பன் என்னைக் கிள்ளினான்.

"அப்பா," என்றேன்.

அவர் திரும்பவில்லை. அந்த வாசலில் அவரை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு யாரையோ என்று நினைத்துவிட்டார். தெருவில் நிற்பவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்: "அப்பா! இங்க நிக்கிற இல்ல. உள்ள போங்க. நீங்கதான் வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும்."

இந்த முறை திரும்பினார். முதலில் அவர் பார்த்தது என்னை அல்ல, நண்பனை. பிறகுதான் என்னை. காவலாளிக்கும் விளங்கிவிட்டது. எத்தனையோ நாள் "உள்ள வர ஏலாது" என்று சிங்களத்தில் சொல்லி அவரை மறித்த மனிதர், வாசலை அகலமாகத் திறந்து, "யன்ன அய்யே, யன்ன," என்றார். போங்க, போங்க என்று. அப்பா அந்த இரும்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். தனியாக, கொஞ்சம் குனிந்தபடி, இரண்டு பக்கமும் நின்றவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டு போனார். ஓட்டோவிலிருந்து ஒரு சின்னக் குரல், "அங்கிளுக்கு இண்டைக்கு பேர்த்டேயா?" என்று கேட்டது. இன்னொன்று, "அங்கிள், நாங்களும்!" என்று கத்தியது.

திரியோடு அவர் திரும்பி வந்த விதத்தை நான் மறக்கமாட்டேன். மழைக்காலத்தில் குழி விழுந்த ஒழுங்கையில், பின்னால் பிள்ளைகள் தூங்கும்போது ஓட்டுவாரே, அந்த வேகம். ஒரு கை சுடரைச் சுற்றி. மெழுகு உருகி அவருடைய புதுச் சேர்ட்டின் கைமடிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. என் திரியை ஏற்றினார். "வா மகன்," என்றார். எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற அதே சொல்தான். "வாறன் அப்பா," என்றேன். திரும்பி நண்பனைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மண்டபத்தில் பெயர் வரிசைப்படிதான் கதிரை. அவன் என் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்தது. அவனைக் கூட்டி வந்த அவனுடைய அம்மா, கைபேசியை அவனுக்கு நேரே பிடித்து, கட்டாரிலிருந்த அவனுடைய அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவன் அதற்குள் பார்த்துச் சிரித்தான். கைபேசி போனதும் சிரிப்பும் போனது. பாதர் பேசிக்கொண்டிருக்கும்போது, முன்னால் பார்த்தபடியே கேட்டான்:

"எப்ப இருந்து?"

"முதலாம் வகுப்பில இருந்து. நான் அப்பா எண்டு சொன்னா நீ அழுவாய். அதுக்காக அவர்தான் அங்கிள் எண்டு சொல்லச் சொன்னார்."

"எனக்காகவா?"

"முதல்ல உனக்காக," என்றேன். "பிறகு எனக்காக."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் அந்த மனிசனப் போல எத்தின தரம் நடிச்சிருப்பன். நீ பக்கத்தில இருந்து சிரிச்சாய்," என்றான். பிறகு, "அந்த சொக்லேட் எல்லாம் சாப்பிட்டாயே, நாயே," என்றான். அவன் பகிடி விடவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. பின் வரிசையில், ஓட்டோவிலிருந்து இறங்கி வந்த ஆறு சின்னப் பிள்ளைகளும் என் அம்மாவோடு உட்கார்ந்து, பாதர் மூச்சுவிடும் இடமெல்லாம் கைதட்டிக்கொண்டிருந்தன. அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

விழா முடிந்து தேநீர் நேரத்தில் அப்பா மண்டபத் தூணோரம், பிள்ளைகளுக்கு ரோல்ஸ் பிய்த்துக் கொடுத்துக்கொண்டு நின்றார். நண்பன் நேரே அவரிடம் போனான். நான் சற்றுத் தள்ளி நின்றேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். திட்டு வாங்கப்போகிற பிள்ளை போல நின்றார்.

"அங்கிள், இனி நான் உங்கள எப்பிடிக் கூப்பிடுற?" என்று கேட்டான் அவன்.

"அங்கிள் எண்டே கூப்பிடு மகன். அந்தப் பெயர் இவன்ட வாயிலதான் பொய். உன்ட வாயில எப்பவும் உண்மைதானே," என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவனோட கோபிக்காத. தொடக்கினது நான்," என்றார்.

"நீங்க தொடக்கினது சரி அங்கிள். நிப்பாட்டாதது அவன்," என்றான் நண்பன். சொல்லிவிட்டு அவருடைய கையிலிருந்த மிச்ச ரோல்ஸை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, குனிந்து அவருடைய காலைத் தொட்டுக் கும்பிட்டான். அப்பா பதறிப்போய் அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். என்னோடு அவன் சரியாகக் கதைக்க இன்னும் இரண்டு கிழமை எடுத்தது. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

திரும்பிப் போகும்போது ஓட்டோவில் எனக்கு இடமில்லை. பின்னால் ஆறு பிள்ளைகளோடு, ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா. "முன்னுக்கு வா," என்றார் அப்பா. கறுப்பு மேலங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஆறு வயதில் இருந்த அதே ஆசன நுனியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன்.

"பொலிஸ் கண்டா?" என்றாள் அம்மா.

"கண்டா கோர்ட்டுக்குப் போவம். இவன்தானே லோயராகப் போறான்," என்றார் அப்பா.

தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கீழே பார்த்தேன். அப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தக் கொக்கி காலியாக இருந்தது. துருப்பிடித்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை, எண்ணெய் பூசித் துடைத்து வைத்தது போல மினுங்கியது. குஞ்சத்தை அதில் மாட்டினேன். கிராண்ட்பாஸ் வரை தொப்பி ஆடிக்கொண்டே வந்தது. அப்பா தெருவைத்தான் பார்த்து ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் இடது கை ஒருமுறை கீழே போய்த் தொப்பி விழாமல் பிடித்துக்கொண்டது.

இப்போது நான் சட்டம் படிக்கிறேன். ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் பயிற்சிக்காக நாள்தோறும் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போகிறேன். இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை. கோப்புகள் தூக்குகிறேன், தேதிகள் குறிக்கிறேன். நீதிமன்ற வாசலில், உள்ளே கூப்பிடும் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதர்களைக் காண்கிறேன். அவர்களில் யாராவது தன் பெயர் கேட்டும் திரும்பாமல் நின்றால், பக்கத்தில் போய், "அண்ணே, உங்களைத்தான்," என்று சொல்லுகிறேன். நண்பன் பம்பலப்பிட்டியில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் நண்டுக் குழம்புக்காக வருவான். வாசலில் நின்று ஓட்டோ ஹோர்ன் மாதிரியே வாயால் அடிப்பான். அப்பா உள்ளேயிருந்து, "நான் இவ்வளவு அசிங்கமாவா அடிக்கிறன்?" என்பார். நானும் சிரிப்பேன், அது வேறு சிரிப்பு.

விழாவன்று போட்ட வெள்ளைச் சேர்ட்டை அப்பா இப்போது நத்தாருக்கும் கோயிலின் பெரிய திருநாளுக்கும் போடுகிறார். கைமடிப்பில் மெழுகு விழுந்த அடையாளம் இருக்கிறது. சூடான ஸ்திரிக்கையால் எடுத்துவிடலாம் என்று அம்மாவுக்குத் தெரியும். எடுக்கவில்லை.

சில நாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு என்னையும் புதுக்கடையில் விடுவார். போன மாதம் அப்படி ஒருநாள், பின்னால் பிள்ளைகளோடு நெருங்கி நான் உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளை ஒன்று, சிவப்பு நூல் சுற்றிய கொக்கி தன்னுடையது என்பதை மறந்து, முன்னால் எட்டித் தன் போத்தலை ஏழாவது கொக்கியில் மாட்டப் பார்த்தது.

"அதுக்கு ஆள் இருக்கு மகன்," என்றார் அப்பா.

"யாரு அங்கிள்?"

"என்ட மகன்."

பிள்ளை சுற்றி எல்லாரையும் பார்த்தது. "நீங்க எல்லாரையும்தானே மகன் எண்டு சொல்ற?"

ஓட்டோ பாடசாலை வாசலில், மதிலோரம், அதே இடத்தில் நின்றது. அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு, வளைவில் கத்துவாரே அந்தக் குரலில், காவலாளிக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஓம். ஆனா இவன் என்னை அப்பா எண்டு கூப்பிடுறவன்."

நான் என் பையை எட்டிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, திரும்பிப் பார்க்காமலே, அந்தக் கொக்கியில் மாட்டினார்.